ஐந்து லிட்டரில் ஒரு லிட்டர்

அமரவிளை எல்லைக்குப் பக்கத்து ஊர். தேசிய நெடுஞ்சாலை ஊர் வழியாகப் போகிறது. ஒரு பக்கம் நெய்யாற்றின்கரை. மறு பக்கம் பாறசாலை. பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது.

கேரளத்தில் பெட்ரோல் விலை கூடுதல். தமிழ்நாட்டில் சற்றுக் குறைவு. மாநில வரி வேறுபடுவதுதான் காரணம். அதனால் எல்லை தாண்டிப் போய் வண்டிக்குப் பெட்ரோல் அடித்து வருகிறவர்கள் உண்டு.

விலைதான் வேறு. வண்டிக்குள் போகும் பொருள் இரண்டு பக்கமும் ஒன்றுதான். 5 லிட்டர் அடித்தால் 5 லிட்டரும் பெட்ரோல் அல்ல. அதில் 4 லிட்டர்தான் பெட்ரோல். மீதி 1 லிட்டர் எத்தனால். இதை 'இ-20' பெட்ரோல் என்கிறார்கள். 100 பங்கில் 20 பங்கு எத்தனால் என்பது அதன் பொருள்.

இந்த ஒரு லிட்டரைப் பற்றித்தான் நாடு முழுவதும் வாதம் நடக்கிறது. நல்லது என்கிறார்கள் சிலர். கெடுதல் என்கிறார்கள் சிலர். யார் சொல்வது சரி? அதை அறிய ஒரு கணக்குப் போட வேண்டும். பெரிய படிப்பு வேண்டாம். கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

எத்தனால் என்றால் என்ன?

கரும்புச் சாற்றைப் புளிக்க வைத்துக் காய்ச்சினால் சாராயம் கிடைக்கும். சாராயத்தில் போதை தரும் பொருள் எது? அதுதான் எத்தனால். ஸ்பிரிட் என்றும் சொல்வார்கள். அமரவிளை சோதனைச் சாவடியில் எக்சைஸ்காரர்கள் லாரிகளை நிறுத்தித் தேடுவது இந்த ஸ்பிரிட்டைத்தான்.

கரும்பில் மட்டும் அல்ல, இனிப்பும் மாவும் உள்ள எந்தப் பொருளிலும் எத்தனால் எடுக்கலாம். சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகு, மக்காச்சோளம், அரிசி, குருணை, மரச்சீனிக் கிழங்கு, இவை எல்லாம் ஆகும்.

எத்தனால் நன்றாக எரியும். ஆகவே அதைப் பெட்ரோலோடு கலக்கலாம். ஆனால் வண்டிக்குப் போகும் எத்தனாலில் யாரும் குடிக்காமல் இருக்க வேறு பொருளும் சேர்க்கிறார்கள். அது விஷம். குடித்தால் கண் போகும், உயிரும் போகும். இதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

ஏன் கலக்கிறார்கள்?

நம் நாட்டில் எண்ணெய்க் கிணறுகள் குறைவு. நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதற்குப் பெரும் பணம் போகிறது. எங்கோ போர் வந்தால் இங்கே விலை ஏறுகிறது.

அதனால் 2003-இல் சில மாநிலங்களில் மட்டும் 100-க்கு 5 பங்கு எத்தனால் கலக்கத் தொடங்கினார்கள். 2018-இல் மத்திய அரசு இதற்கு ஒரு தேசியக் கொள்கை வகுத்தது. 2022 ஜூனில் கலப்பு 10 பங்கை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 பங்கு கலந்த பெட்ரோல் சில ஊர்களில் விற்பனைக்கு வந்தது. 2030-இல் எட்ட வேண்டிய அளவு என்று முதலில் குறித்தது 20 பங்கு. அதை 2025-லேயே எட்டிவிட்டார்கள்.

இதனால் 2014 முதல் 2025 ஜூலை வரை 1 லட்சத்து 44 ஆயிரம் கோடி ரூபாய் அந்நியச் செலாவணி மிச்சமாயிற்று என்று அரசு சொல்கிறது. கரும்பு விவசாயிகளுக்கு ஆலைகள் வைத்திருந்த பாக்கியும் குறைந்தது. முன்பெல்லாம் கரும்பு வெட்டிக் கொடுத்துவிட்டு மாதக் கணக்கில், ஏன், வருடக் கணக்கில்கூடப் பணத்துக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. ஆகவே இந்தத் திட்டத்தில் நன்மை இல்லை என்று சொல்ல முடியாது.

இன்னொரு காரணமும் சொல்கிறார்கள். எத்தனால் கலந்தால் காற்று கெடுவது குறையும் என்பது அது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத வாயு

வண்டிக்குப் புகைச் சான்று வாங்குகிறோம். சோதனைக்காரர் வண்டியின் புகைக்குழாயில் ஒரு கருவியைச் செருகிப் பார்க்கிறார். கார்பன் மோனாக்சைடு போன்ற விஷ வாயு எவ்வளவு வருகிறது என்று அது காட்டும். எத்தனால் கலந்தால் இந்த விஷ வாயு குறைகிறது. இது உண்மை.

ஆனால் புகைக்குழாயிலிருந்து வேறொரு வாயுவும் வருகிறது. அதன் பெயர் கரியமில வாயு. அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2 கிலோ 300 கிராம் கரியமில வாயு உண்டாகும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதானே, வாயு எப்படி இரண்டு கிலோவுக்கு மேல் வரும்? எரியும்போது பெட்ரோலில் உள்ள கரி, காற்றில் உள்ள பிராண வாயுவோடு சேர்கிறது. அதனால் எடை கூடுகிறது.

இந்த வாயு வானத்தில் சேரச் சேர, பூமியின் சூடு வெளியே போக முடியாமல் தங்குகிறது. வெயில் கூடுகிறது. மழை காலம் தவறுகிறது. பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. கடலின் மட்டமும் ஏறுகிறது. கடற்கரையில் வீடு உள்ளவர்களுக்கு இது தெரிந்த செய்தி.

பெட்ரோலில் உள்ள கரி பல கோடி ஆண்டுகளாகப் பூமிக்கு அடியில் கிடந்தது. அதைத் தோண்டி எடுத்து எரித்து மேலே விடுகிறோம். எத்தனாலில் உள்ள கரி அப்படி அல்ல. அது போன வருடமோ இந்த வருடமோ கரும்பு காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கரி. எரியும்போது அதே கரி திரும்பக் காற்றுக்குப் போகிறது. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது போல. ஆகவே புதிதாகக் கரி சேரவில்லை என்கிறார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. கணக்கு இதோடு முடிந்துவிடுமா?

குலை விற்ற காசு

ஒரு விவசாயி ஏத்தங்குலை விற்றார். ஒரு குலைக்கு 500 ரூபாய் கிடைத்தது. அந்த 500 ரூபாயும் லாபமா?

இல்லை. கன்று வாங்கிய காசு உண்டு. உரம் போட்ட காசு உண்டு. களை பறித்த கூலி உண்டு. காற்றில் சாயாமல் ஊன்றுகால் கொடுத்த செலவு உண்டு. சந்தைக்குக் கொண்டுபோன வண்டி வாடகை உண்டு. இத்தனையும் கழித்துப் பார்த்தால்தான் லாபம் தெரியும். சில சமயம் நட்டமும் தெரியும்.

எத்தனால் கணக்கும் இப்படித்தான். கரும்புக்கு யூரியா போடுகிறார்கள். யூரியா செய்ய எரிவாயு வேண்டும். தண்ணீர் இறைக்க மோட்டார் ஓட வேண்டும். வெட்டிய கரும்பை லாரியில் ஏற்ற வேண்டும். ஆலையில் கொதிகலன் எரிய வேண்டும். எடுத்த எத்தனாலை டேங்கர் லாரியில் எண்ணெய்க் கம்பெனியின் கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் கரியமில வாயு வருகிறது. காட்டை வெட்டிக் கரும்போ சோளமோ போட்டால் அந்த மரங்கள் பிடித்து வைத்திருந்த கரியும் வெளியே வரும்.

இத்தனையும் கூட்டிப் பெட்ரோலோடு ஒப்பிட வேண்டும். மத்திய அரசின் நிதி ஆயோக் இப்படி ஒரு கணக்குப் போட்டது. பெட்ரோலைவிடக் கரும்பு எத்தனாலில் கரியமில வாயு 65 சதவீதம் குறைவு, மக்காச்சோள எத்தனாலில் 50 சதவீதம் குறைவு என்பது அந்தக் கணக்கு. இதிலிருந்து என்ன தெரிகிறது? எத்தனாலிலும் கரி உண்டு. எந்தப் பயிரில் எடுத்தோம் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும்.

வேறு தேசத்தில் ஒரு விதி

அமெரிக்காவில் கலிபோர்னியா என்று ஒரு மாநிலம். அங்கே வாகனங்கள் மிகவும் அதிகம். 2007-இல் அந்த மாநிலத்தின் ஆளுநர் ஓர் ஆணை போட்டார். 2009-இல் அது விதியாயிற்று. 2011 முதல் நடைமுறைக்கு வந்தது.

அந்த விதி, இவ்வளவு எத்தனால் கலந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. வேறு மாதிரி சொன்னது. 'வயலிலிருந்து வண்டிச் சக்கரம் வரை கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு எரிபொருளுக்கும் எவ்வளவு கரி என்று எழுதுங்கள். விற்கும் எரிபொருளின் கரி அளவு வருடா வருடம் குறைய வேண்டும். எந்த வழியில் குறைப்பது என்பது உங்கள் விருப்பம்.' இதுதான் விதியின் சாரம்.

எத்தனாலோ மின்சாரமோ கழிவிலிருந்து எடுக்கும் வாயுவோ, எல்லாவற்றுக்கும் ஒரே தராசு. கரி குறைந்த எரிபொருளை விற்பவருக்கு ஆதாயம் உண்டு. கரி கூடிய எரிபொருளை விற்பவர் அதற்கு ஈடு செய்ய வேண்டும்.

இதற்கும் எதிர்ப்பு வந்தது. சோளத்தில் எத்தனால் எடுப்பவர்கள் சண்டைக்கு வந்தார்கள். 'இங்கே சோளத்தை எரிபொருளுக்கு எடுத்தால், உணவுக்காக வேறு எங்கோ காடு அழிகிறது என்று எங்கள் தலையில் கணக்கு எழுதுகிறீர்கள். அது நியாயமா?' என்று கேட்டார்கள். எண்ணெய்க் கம்பெனிகளும் விலை ஏறும் என்றன. வழக்கு நீதிமன்றம் போயிற்று. விதி நிலைத்தது. வாதம் இன்னும் ஓயவில்லை.

நம் நாட்டின் விதி, எத்தனை பங்கு கலந்தாய் என்று கேட்கிறது. கலிபோர்னியாவின் விதி, எவ்வளவு கரி குறைந்தது என்று கேட்கிறது. இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு 20 என்று பதில் சொல்லிவிடலாம். அந்த 20 பங்கு எங்கே விளைந்தது, எவ்வளவு தண்ணீர் குடித்தது, யாருடைய தட்டிலிருந்து வந்தது என்பது அந்தப் பதிலில் தெரியாது.

தண்ணீரும் சோறும்

முதலில் தண்ணீர். கரும்பிலிருந்து 1 லிட்டர் எத்தனால் எடுக்க ஏறக்குறைய 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே இதைச் சொல்கிறது. ஒரு குடம் 15 லிட்டர் என்று வைத்தால் இது 190 குடம் தண்ணீர்.

2025 ஜனவரியில் பாலக்காடு மாவட்டம் எலப்புள்ளியில் ஒரு தனியார் ஆலைக்குக் கேரள அரசு முதல் கட்ட அனுமதி கொடுத்தது. மதுவோடு எத்தனாலும் செய்வதாக இருந்த ஆலை அது. அந்த ஊரும் தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே மழையும் குறைவு. 'எங்களுக்கே தண்ணீர் இல்லை. ஆலைக்கு எங்கிருந்து வரும்?' என்று மக்கள் கேட்டார்கள். பெரிய போராட்டம் ஆயிற்று.

அடுத்து சோறு. 2024-25-இல் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளிலிருந்து 52 லட்சம் டன் அரிசியை எத்தனாலுக்கு என்று மத்திய அரசு ஒதுக்கியது. விலை கிலோவுக்கு 22 ரூபாய் 50 காசு. கிடங்குகளில் அரிசி மிஞ்சிக் கிடக்கிறது, வீணாவதைவிட இது மேல் என்றது அரசு. 1 கிலோ அரிசியில் அரை லிட்டருக்கும் சற்றுக் குறைவாகவே எத்தனால் கிடைக்கும். ஆகவே 5 லிட்டர் பெட்ரோலில் உள்ள 1 லிட்டர் எத்தனாலை அரிசியில் எடுத்தால் 2 கிலோவுக்கு மேல் அரிசி வேண்டும். ஒரு குடும்பத்தின் இரண்டு நாள் சோறு அது.

விளைச்சல் எல்லா வருடமும் ஒரே போல இருக்காது. 2023-இல் அரிசி விலை ஏறியது. அப்போது எத்தனாலுக்கு அரிசி விற்பதை உணவுக் கழகம் நிறுத்தியது. அதே வருடம் டிசம்பரில், சர்க்கரை குறையும் என்ற பயத்தில் கரும்புச் சாற்றில் எத்தனால் எடுப்பதற்கும் அரசு கட்டுப்பாடு வைத்தது. மிஞ்சும்போது எரிபொருள், தட்டினால் உணவு என்று திட்டம் ஆடியது.

இது கேரளத்துக்கு மிகவும் வேண்டிய செய்தி. கேரளத்தில் விளையும் நெல் அதன் மக்களுக்குப் போதாது. பெரும்பகுதி அரிசி வெளி மாநிலங்களிலிருந்து வருகிறது. ரேஷன் அரிசியை நம்பி அடுப்புப் பற்றவைக்கும் வீடுகள் அமரவிளைப் பக்கத்திலும் உண்டு.

மரச்சீனியும் வண்டிக்கா?

2018-ஆம் ஆண்டுக் கொள்கையில் மரச்சீனியின் பெயரும் இருக்கிறது. அதிலிருந்தும் எத்தனால் எடுக்கலாம். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மரச்சீனியைப் பற்றி அங்கே பல ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன.

மரச்சீனிக்குத் தண்ணீர் குறைவாகப் போதும். மேட்டு நிலத்திலும் விளையும். விலை விழும் காலத்தில் விவசாயிக்கு இன்னொரு சந்தை கிடைக்கும். இவை நன்மைகள்.

ஆனால் பழைய கதையையும் மறக்கக் கூடாது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியைப் பரப்ப முயற்சி எடுத்தார். பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போயிற்று. பர்மா அரிசி வருவது நின்றது. அப்போது திருவிதாங்கூரில் ஏழைகளின் பசியைத் தாங்கியது இந்தக் கிழங்குதான். வறுமைக்கு உதவிய பயிரை வண்டிக்குக் கொடுக்கும் முன் இருமுறை யோசிக்க வேண்டும். மிஞ்சியதைக் கொடுக்கலாம். பசிக்கு வேண்டியதைக் கொடுக்கக் கூடாது.

உணவைத் தொடாத வழியும் இருக்கிறது. ஹரியானாவில் பானிப்பட் என்ற ஊரில் 2022-இல் ஓர் ஆலை தொடங்கினார்கள். அங்கே வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கிறார்கள். வடக்கே வயலில் வைக்கோலை எரித்துக் காற்றைக் கெடுக்கிறார்கள். அந்த வைக்கோல் ஆலைக்குப் போனால் இரண்டு நன்மை. ஆனால் இந்த முறைக்குச் செலவு கூடுதல். அதனால் இப்படிப்பட்ட ஆலைகள் இன்னும் குறைவு.

பழைய வண்டிக்காரர் பாடு

மீன் விற்பவர், பால் ஊற்றுபவர், ரப்பர் வெட்டப் போகிறவர், கொத்தனார் எனப் பலருக்கும் பழைய ஸ்கூட்டரோ பைக்கோதான் கால். ஒர்க்ஷாப்பில் இப்படிப் பேச்சு நடக்கும்.

'ஆசானே, வண்டி முன்ன மாதிரி மைலேஜ் தரல்லியே?'

'வண்டி பழசு. பெட்ரோல் புதுசு. ரெண்டும் ஒத்துப் போகணும்லா.'

ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜ் குறையும். இ-20-க்கு என்று செய்யாத இருசக்கர வண்டியில் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று 2021 அறிக்கை சொன்னது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடிய வண்டி 48 ஓடும். 100 ரூபாய்க்குப் பெட்ரோல் அடித்தால் 4 ரூபாய் ஓட்டம் போயிற்று. நாள்தோறும் ஓடிப் பிழைப்பவருக்கு இது சிறு தொகை அல்ல.

மைலேஜ் குறைவதால் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்று அதே அறிக்கை சொன்னது. விலை குறையவில்லை. எத்தனாலின் கொள்முதல் விலையே ஏறிவிட்டது என்று அரசு காரணம் சொன்னது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் பம்பில் கிடைக்க வேண்டும் என்று ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். 2025 செப்டம்பர் 1 அன்று நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது.

இங்கே ஒரு நியாயம் பேச வேண்டும். காற்று சுத்தமானால் எல்லோருக்கும் நன்மை. அதன் செலவை மட்டும் புது வண்டி வாங்க முடியாதவர் சுமக்கலாமா? கரி குறைய வேண்டும் என்பதில் சண்டை இல்லை. பாரம் யார் தலையில் என்பதில்தான் சண்டை.

மின்சார ஆட்டோ

நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஆறாலுமூட்டில் கேரள அரசின் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை இருக்கிறது. 2019-இல் அங்கே 'நீம் ஜி' என்ற மின்சார ஆட்டோவைச் செய்து வெளியிட்டார்கள். அதற்குப் பெட்ரோல் வேண்டாம். புகைக்குழாயே இல்லை.

அப்படியானால் கரியும் இல்லையா? இங்கேயும் குலை விற்ற கணக்குத்தான். ஆட்டோ புகை விடாது. ஆனால் அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? கேரளம் அணைகளில் மின்சாரம் எடுக்கிறது. அது போதாமல் வெளியிலிருந்தும் வாங்குகிறது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்து வருவது. நிலக்கரி குறைந்து, சூரிய ஒளியிலும் காற்றிலும் எடுக்கும் மின்சாரம் கூடக் கூட, அந்த ஆட்டோவின் கரியும் குறையும்.

பஸ் இன்னும் எளிய வழி. 50 பேர் 50 பைக்கில் போவதைவிட ஒரு பஸ்ஸில் போனால் எரிபொருள் மிகவும் குறையும். எந்த எரிபொருள் நல்லது என்று கேட்கிறோம். எரிக்காமல் மிச்சம் பிடித்த எரிபொருளே எல்லாவற்றிலும் நல்லது.

வண்டி வைத்திருப்பவர் கவனத்துக்கு

வண்டிப் புத்தகத்தில் எந்தப் பெட்ரோல் ஆகும் என்று எழுதியிருக்கும். வாசித்துப் பாருங்கள்.

எத்தனால் தண்ணீரை இழுக்கும். டேங்கில் தண்ணீர் இறங்கினால் எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் தங்கும். வண்டி நின்று போகும். மழைக்காலத்தில் டேங்க் மூடியை இறுக்கி மூடுங்கள். பல மாதம் ஓட்டாத வண்டியில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

பழைய வண்டியின் ரப்பர் குழாய், வாஷர் ஆகியவற்றை அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். பெட்ரோல் கசிந்தால் தீப்பிடிக்கும்.

பம்பில் சந்தேகம் வந்தால் வடிதாள் சோதனை கேட்கலாம். 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் அளந்து காட்டச் சொல்லலாம். இது வாங்குபவரின் உரிமை.

கூடிப் பேசுங்கள்

'இது சுத்தமான எரிபொருள்' என்று யாராவது சொன்னால் உடனே நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். நான்கு கேள்வி கேளுங்கள்.

1. இது எந்தப் பொருளில் செய்தது? எங்கே விளைந்தது?

2. விளைய எவ்வளவு தண்ணீர் வேண்டும்? அதனால் யாருடைய கிணறு வற்றும்?

3. வயலிலிருந்து வண்டி வரை கணக்குப் போட்டால் கரி எவ்வளவு குறைகிறது?

4. செலவு யார் தலையில் விழுகிறது?

இந்த நான்குக்கும் நல்ல பதில் வந்தால் அது நல்ல எரிபொருள். பதில் வராவிட்டால் வரும்வரை கேளுங்கள். ஊர்க் கூட்டத்தில் கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடமும் கேளுங்கள். குலை விற்ற விவசாயி கணக்குப் பார்க்காமல் பணத்தை மடியில் கட்டுவதில்லை. நாட்டின் கணக்கும் நம் கணக்குதான்.